பூட்டிய கதவு

வெள்ளம் வடிந்த நாலாம் நாள்
மகளின் தமிழ் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்து
வலைக் கயிற்றில் காயப்போட்டேன்.
கருவாடு திருப்புகிற கைதான்,
அதே பதத்தில் திருப்பியது.
பாதி எழுத்து ஆற்றோடு போயிருந்தது.
நின்றவை சில:
கூற்று. சான்று. ஊகம். சூழல். மேற்கோள்.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி,
"செய்தவரை மறைக்கும் வினைகளைக் கவனி."

நான் எட்டாவது, அதுவும் முழுசாக இல்லை.
சோணாங்குப்பம். ரேஷன் கார்டில் அஞ்சலாட்சி,
ஏலக் களத்தில் "ஏ அஞ்சல."
கூற்று என்றால் எமன் என்றுதான் தெரியும்,
கூத்தில் தீவட்டி முன்னே வர அவன் பின்னே வருவான்.
யாழரசி எழுதி வைத்திருந்தாள்:
"ஒருவர் உண்மை என்று சொல்வது.
உண்மையா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்."
சரி. சில காகிதத்தில்
இரண்டும் ஒரே ஆளாக வருகிறது.

அந்தக் காகிதம் வந்தது.

"மேற்படி வீடு நேரில் ஆய்வு செய்யப்பட்டது.
கதவு பூட்டப்பட்டிருந்ததால் உட்புறம் பார்வையிட இயலவில்லை.
சேதம் பகுதி எனக் கருதப்படுகிறது."

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்க,
வர்றது வரட்டும்" என்றாள் பவுனம்பாள்.
நான் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
முள் எடுக்கிற மாதிரி வாசித்தேன்.

செய்யப்பட்டது. யார் செய்தது?
கருதப்படுகிறது. யார் கருதுகிறது?
மூன்று வரியில் ஒரு மனுசன் இல்லை.
வீட்டைப் பேய் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"வரவே இல்லடி அவனுங்க" என்றாள் பவுனம்பாள்,
கூடவே நோட்டில் இல்லாத இரண்டு சொல்.
நானும் அதைத்தான் நினைத்தேன்.
ஆனால் யாழரசி கையெழுத்து விடவில்லை:
"ஊகம் நிற்கக் கால் வேண்டும்.
எந்த வரியிலிருந்து என்று காட்டு."

கால் தேடி இரண்டு நாள்.
மூன்றாம் நாள் விடியலில் இருதயராஜ் படகிலிருந்தே கத்தினான்,
உப்பனாற்று முகத்துவாரத்துச் சேற்றில்
எங்கள் கதவு கிடக்கிறதாம்.
ஓடினேன்.
நிலையோடு பெயர்ந்து, மல்லாந்து,
பச்சைப் பெயிண்டில் நண்டு ஏறிக்கொண்டிருந்தது.
கொண்டியில் பூட்டு.
பள்ளிக்கூட முகாமுக்குப் போகும்போது
நான் போட்ட பூட்டு,
சாவி இன்னும் என் இடுப்பில்.

அப்படியானால் காகிதம் பொய் சொல்லவில்லை.
கதவு பூட்டித்தான் இருந்தது.
சுவர்தான் இல்லை.

சூழல் என்ற சொல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.
பாதி அழிந்த பக்கத்தில்
"ஒரு வரியை அதன் இடத்திலிருந்து பிடுங்கினால்"
என்பதோடு மை கரைந்திருந்தது.
மிச்சத்தை ஆற்றுச் சேற்றில் உட்கார்ந்து நானே படித்தேன்.

திங்கட்கிழமை.
மீன் ஏற்றும் வண்டியில் கதவைக் கிடத்தி
தாலுகா ஆபீஸ் வாசலில் இறக்கினோம்.
உள்ளே போக இடமில்லை, வேப்பமரத்தில் சாய்த்தோம்.
ஆள் ஆளுக்கு எட்டிப் பார்த்தார்கள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்தர் வந்தார்.
"என்னம்மா இது?"
"மேற்கோள் சார்.
உங்க ரெண்டாவது வரி."

சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன்.
கதவு திறந்தது.
அந்தப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு தெரிந்தது,
அதற்கப்பால் டீக்கடை,
டீக்கடையில் சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை.
காகிதத்தை வாங்கினார், மெதுவாகப் படித்தார்,
கதவைப் பார்த்தார், மறுபடி காகிதம்.
"சரி. மறு ஆய்வு செய்யப்படும்."
"யாரால சார்?"

பேனா மூடியைக் கழற்றினார்.
மாட்டினார்.
கழற்றினார்.

யாழரசி பள்ளிக்கூடம் விட்டு வந்து
"நோட்டுல இருக்கறத ஏம்மா வெளிய எடுத்துட்டுப் போன?" என்று
அரை மணி நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள், அந்த ஆள் பேர் எழுதினாரா என்று.
எழுதினார். தேதியும் போட்டார்.
வருவார்களா என்பது ஊகம்.

கதவு இப்போது இரண்டு கல்லின் மேல் கிடக்கிறது,
அதில்தான் இறால் உரிக்கிறேன்.
வண்டி வாடகை முந்நூற்றைம்பது.
ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.